பொட்டாஷ் பத்துக் கிலோ

கடை மாடியில் சாக்குக்குள் கட்டிப் போட்டிருந்த அப்பாவின் பழைய பற்று நோட்டுகளைப் போன ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்கினேன். கரையான் ஏறுகிறது, எரித்துவிடலாம் என்றுதான் இறக்கியது. எரிக்கவில்லை. மாடிப்படியிலேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் புரட்டிக்கொண்டிருந்தேன். காபி ஆறிப்போனது.

மேலூருக்கும் திருவாதவூருக்கும் நடுவில் எங்கள் உரக்கடை. அப்பா வைத்தது, லைசன்ஸ் இப்போது என் பெயரில். 2015க்குப் பிறகு பூச்சிமருந்து விற்க விவசாயமோ வேதியியலோ படித்த ஆள் வேண்டும் என்று ஆகிப்போனது. வீட்டில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள் நான் ஒருத்திதான். "செலவழிச்சுப் படிக்க வச்சது வீண் போகலை பாரு" என்று அப்பா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். கண் மங்கிவிட்டது, ஆனாலும் காலை ஏழு மணிக்குக் கடை நாற்காலியில் அவர் உட்கார்ந்தால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

நோட்டில் நான் தேடாமலே கண்ணில் பட்டது வாய்க்காமேட்டு மாமாவின் பக்கம். சொந்த மாமா இல்லை. எங்கள் ஊரில் அப்பாவோடு பழகியவர்கள் எல்லாருமே எனக்கு மாமாதான். அவருக்கு மூன்று ஏக்கர் நெல். 2009 ஐப்பசியில் அப்பாவின் நீல மை எழுத்தில் மூட்டைக் கணக்கு: டிஏபி 3, பொட்டாஷ் 2, யூரியா 6. டிஏபி மணிச்சத்துக்கு, பொட்டாஷ் சாம்பல்சத்துக்கு, யூரியா தழைச்சத்துக்கு. மூன்று ஏக்கருக்கு ஏறக்குறைய சரியான கணக்கு. பல்கலைக்கழகத்துக்காரர்கள் சொல்கிற அளவுக்கு ரொம்பத் தள்ளி இல்லை.

மூன்று வருஷம் தள்ளி, 2012 நோட்டு. அதே மாமா, அதே மூன்று ஏக்கர். கிணற்றுத் தண்ணீரை நம்பி நட்டது. யூரியா 9, டிஏபி 1. பொட்டாஷ் என்று எழுதி, எதிரே ஒரு கோடு. அவ்வளவுதான்.

பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். வரியைத் தள்ளிவிட்டுச் சொல்கிறேன். 2009ல் டிஏபி டன் 9,350, அதாவது மூட்டை 467 ரூபாய் 50 காசு. பொட்டாஷ் டன் 4,455, மூட்டை 222 ரூபாய் 75 காசு. யூரியா டன் 4,830, மூட்டை 241 ரூபாய் 50 காசு. மாமாவின் அந்த வருஷச் சரக்கு மொத்தம் 3,297 ரூபாய். 2012ல் டிஏபி மூட்டை 1,200ஐத் தொட்டுவிட்டது, பொட்டாஷ் 850க்குப் பக்கம். யூரியா மட்டும் 268. பழைய சரக்கையே வாங்கியிருந்தால் 6,900 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும். அவர் வாங்கினதுக்கு என்ன ஆனது என்று கூட்டிப் பார்த்தேன். 3,612.

அந்த எண்ணை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மனுஷர் தன் மடியில் இருந்த காசை மாற்றவே இல்லை. மூவாயிரத்துச் சொச்சம்தான் உரத்துக்கு என்று மனசுக்குள் ஒரு வரம்பு கட்டி வைத்திருந்திருக்கிறார். விலை ஏறினதும் வரம்பைத் தொடாமல், உள்ளே இருந்த சரக்கை மாற்றிக்கொண்டார். எது மலிவோ அது கூடியது, எது கிராக்கியோ அது கோடாகிவிட்டது. விலை ஏறினால் ஜனங்கள் வாங்குவது குறையும் என்று பொருளாதாரப் பாடத்தில் சொல்வார்கள். குறையவில்லை. மூட்டைக் கணக்கில் பார்த்தால் 11 இருந்தது 10 ஆனது, அவ்வளவுதான். குறைந்தது வயலுக்கு வேண்டியது.

நடுவில் நடந்தது இதுதான். 2010 ஏப்ரல் 1ஆம் தேதி மத்திய அரசு மானிய முறையை மாற்றியது. அதுவரை இந்த மூன்று உரத்துக்கும் மூட்டை விலையை அரசே நிர்ணயிக்கும், கம்பெனிக்குக் கட்டுப்படியாகாத மிச்சத்தை அரசு கொடுக்கும். அன்றிலிருந்து மணிச்சத்துக்கும் சாம்பல்சத்துக்கும் கிலோவுக்கு இவ்வளவு மானியம் என்று அரசு தன் பங்குக்குக் கோடு போட்டுக்கொண்டது. மூட்டை விலையைக் கம்பெனிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டாயிற்று. யூரியாவை மட்டும் தொடவில்லை. அன்றைக்கு அதற்குப் பத்து சதவீதம் ஏற்றியதோடு சரி. பொட்டாஷ் நம் நாட்டில் ஒரு கிலோகூட வெட்டி எடுப்பதில்லை, அத்தனையும் கப்பலில் வருவது. வெளிநாட்டு விலையும் ஏறி, ரூபாயும் விழுந்ததும் முழுப் பாரமும் மூட்டை மேல் இறங்கியது. அரசு தன் பங்கை ஒரு கோட்டோடு நிறுத்திக்கொண்டுவிட்டது அல்லவா, ஆகவே ஏற்றம் முழுக்க வாய்க்காமேட்டு மாமா பங்கு.

காகிதத்தில் அந்தத் திட்டத்துக்கு என்ன பெயர் தெரியுமா? ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம். நோக்கம், சமச்சீர் உரமிடல். தழை, மணி, சாம்பல் மூன்றும் நாடு முழுக்க 2009-10ல் 4.3க்கு 2க்கு 1 என்று போய்க்கொண்டிருந்தது. 4க்கு 2க்கு 1 நல்லது என்பார்கள், அதற்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. 2012-13ல் 8.2க்கு 3.2க்கு 1. இதுதான் சமச்சீர்.

இதில் எங்கள் கடையின் பங்கையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அப்பாவுக்கே பொறுக்காது. யூரியா கூடினால் பயிர் என்ன அழகாக இருக்கும் தெரியுமா, மயில்கழுத்துப் பச்சை. வரப்பில் நிற்கிறவன் மனசு நிறைந்துவிடும். அந்தப் பச்சைக்குத்தான் இலைச்சுருட்டுப் புழு வரும், புகையான் வரும், குலைநோய் வரும். பொட்டாஷ் இல்லாத தண்டு வேறு வலுவில்லாமல் வளர்ந்திருக்கும். கதிர் வாங்கினபிறகு ஒரு மழை, ஒரு காற்று, போதும். பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். படுத்த வயலில் பெல்ட் அறுவடை மிஷினை இறக்கினால் ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரம் இழுக்கும், வாடகையோ மணிக் கணக்கு. தூற்றினால் பதர்.

அந்த இரண்டு மூன்று வருஷமும் எங்கள் கடையில் உரத்தில் விழுந்த வியாபாரம் மருந்தில் எழுந்தது. நான் அப்போது மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன், லீவுக்கு வந்தால் கல்லாவில் உட்காருவேன். மருந்து டப்பாவுக்கு அப்படி ஒரு ஓட்டம். காலையில் இலையைக் கிள்ளிப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். யூரியாவில் ஒரு மூட்டைக்குக் கிடைப்பது ஒரு டீ, ஒரு வடைக் காசு. அதையும் இறக்குகூலி பாதி தின்றுவிடும். மருந்தில் அப்படி இல்லை. நான் உட்கார்ந்து இந்த நோட்டைப் படித்தேனே, அந்த மாடிப்படி, அது அந்த வருஷங்களில் கட்டினதுதான்.

"நீங்க ஏன்ப்பா பொட்டாஷ் போடச் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னேன். காசு நீ போடுறியான்னு கேட்டாரு. எழுதிக்கங்கன்னேன். எழுதி எழுதி நோட்டுதான் தடிக்குது, வயலு தடிக்கலைன்னுட்டுப் போயிட்டாரு" என்றார் அப்பா. கண் மங்கினாலும் யார் என்ன சொன்னார் என்பது மங்கவில்லை.

எங்கள் கடைக்கு எதிரே டீக்கடை. அங்கே ஓய்வுபெற்ற ஒரு பேங்க் சார் தினமும் பேப்பரை விரித்து, மானியத்தால்தான் நாடு கெட்டது என்று ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் எழுந்திருப்பார். பாதிக்கு மேல் நான் ஒத்துக்கொள்வேன். இன்றைக்கும் யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. கிலோ ஆறு ரூபாய்கூட இல்லை. அதன் அசல் அடக்கம் இதைப்போல் பல மடங்கு. 2022-23ல் மட்டும் உர மானியத்துக்கு இந்த நாடு கொடுத்தது இரண்டரை லட்சம் கோடி ரூபாய். ஆறு ரூபாய்ச் சரக்கு என்பதால்தான் பிளைவுட் பசைக்கு யூரியா ஓடியது, அதைத் தடுக்க 2015ல் அத்தனை யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டிவந்தது. ஆறு ரூபாய் என்பதால்தான் அரை மூட்டை சேர்த்து வீசினால் என்ன என்று கை நீளுகிறது. இனாமாக வந்த மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் பேங்க் சார் சொல்கிற "எடுத்துடணும்" என்ற அந்த ஒரு சொல்லில்தான் எனக்குச் சண்டை. எதை எடுத்து, எதை விட்டுவைத்து, எந்த மாசத்தில், எவ்வளவு எடுப்பது? 2010ல் எடுத்தது மானியத்தில் பாதியை. மிச்சப் பாதி அப்படியே இருந்ததால்தான் கூத்தே நடந்தது. ஒரு கால் செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு காலில் மாட்டிக்கொண்டு நடந்தால் இடுப்பு பிடிக்கும். இரண்டையும் கழற்றினாலாவது ஒழுங்காக நடக்கலாம்.

டீசல் மானியம் வேறு கதை. 2013 ஜனவரியிலிருந்து மாசம் ஐம்பது காசு, ஐம்பது காசாக ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் விலையைச் சந்தைக்கு விட்டுவிட்டார்கள். வலி தெரியாமல் ஊசி போட்ட மாதிரி. டீக்கடையில் அதைப் பற்றி யாரும் கத்தினதாக எனக்கு ஞாபகமே இல்லை. அப்புறம் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விழுந்தபோது அந்த இறக்கத்தைப் பெட்ரோல் பங்க்கில் பார்க்கலாம் என்று காத்திருந்தோம். கலால் வரி ஏறிக்கொண்டது. மானியம் எழுந்துபோன நாற்காலியில் வரி வந்து உட்கார்ந்துவிட்டது. டீசல் ஏறினால் உழவுக்கூலி ஏறும், இறங்கினால் இறங்காது. டிராக்டர்காரரைக் கேட்டால் டயர் விலையைச் சொல்வார்.

திருவாதவூர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு அண்ணன் மருந்தடிக்கிற வேலைக்கு எங்கள் பக்கம் வருவார். பவர் ஸ்பிரேயருக்குப் பெட்ரோல் கலந்துகொண்டே பேசுவார். அவருடைய தங்கை மன்னாரில், மாப்பிள்ளை கடல் தொழில். சின்னப் படகு மோட்டார் ஓடுவது மண்ணெண்ணெயில். 2022 ஆகஸ்டில் ஒரு ராத்திரி அங்கே மண்ணெண்ணெய் விலையை மாற்றினார்கள். "லீட்டர் எண்பத்தேழு ரூபா, விடிஞ்சா முந்நூற்று நாற்பது, தங்கச்சி. மச்சான் மூண்டு நாள் படகு இறக்கேல்லை" என்றார். நஷ்டத்தில் விற்கும் எண்ணெய் நிறுவனத்துக்கு வேறு வழியில்லை என்பது உண்மை. நாட்டில் டாலரே இல்லை. மானிய மண்ணெண்ணெயைப் பஸ்காரர்களும் ஆலைக்காரர்களும் உறிஞ்சுகிறார்கள் என்று சொல்லப்பட்டதிலும் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் அந்த மச்சானுக்கு அது ஒரே ராத்திரியில் நாலு மடங்கு. மீன் விலை நாலு மடங்கு ஆகுமா?

இன்னொன்றும் அந்த அண்ணன் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. அங்கே 2005க்குப் பிறகு நெல் விவசாயிக்கு உரம் மூட்டை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. 2016ல் மூட்டைக்குப் பதில் காசு என்று மாற்றினார்கள். இரண்டு வருஷத்தில் மறுபடியும் மூட்டைக்கே வந்தார்கள். 2020ல் நெல்லுக்கு இலவசம். 2021ல் ரசாயன உரமே நாட்டுக்குள் வரக்கூடாது. இயற்கை விவசாயம் என்று சொன்னார்கள், டாலர் தட்டுப்பாடும் பின்னால் இருந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் போகம் போய்விட்டது. பதினாறு வருஷம் ஒரு விவசாயியை மலிவு விலைக்குப் பழக்கிவிட்டு ஒரே போகத்தில் கையை உதறுவது, உரக்கடைக்காரி கண்ணில், திருட்டுக்குச் சமம். அந்த நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 1953ல் அரிசி மானியத்தைக் குறைத்து, ஒரு கொத்து (அங்கத்து அரிசி அளவு) 25 சதம் விற்றதை 70 சதம் ஆக்கினார்கள். ஆகஸ்ட் 12ஆம் தேதி நாடே கடையடைத்து, தண்டவாளத்தைப் பெயர்த்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டுப் போனார்.

எங்கள் சித்தப்பா மகன் நைஜீரியாவில், லாகோஸில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். 2023 மே 29 அன்று புது ஜனாதிபதி பதவியேற்ற மேடையிலேயே பெட்ரோல் மானியம் போய்விட்டது என்று அறிவித்தார். லிட்டர் 200 நைராவுக்குள் இருந்தது, சில நாளில் 500ஐ ஒட்டி வந்தது, ஜூலையில் 600ஐத் தாண்டியது. ஜூனில் நைராவையும் சந்தைக்கு அவிழ்த்துவிட்டார்கள். அவன் போனில் புலம்பினது பெட்ரோலைப் பற்றி இல்லை, தக்காளியைப் பற்றி. வடக்கே இருந்து லாரியில் வருகிற தக்காளி. நான் சிரித்தேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து வருகிற தக்காளிக்கும் இதே கதைதானே.

இவ்வளவு சொன்னபிறகு மலாவியைச் சொல்லாமல் விட முடியாது. உரக்கடைக்காரர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய நாடு அது. ஆப்பிரிக்காவில் சின்ன நாடு, மக்காச்சோளம்தான் சோறு. தொண்ணூறுகளில் உலக வங்கியும் மற்றக் கடன் கொடுப்பவர்களும் சொல்லி உர மானியத்தைக் குறைத்தார்கள். 2002ல் பஞ்சம். 2005ல் மறுபடியும் விளைச்சல் பொய்த்து, ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளி உதவிக்குக் கையேந்தினார்கள். அந்த வருஷம் அரசு கடன் கொடுப்பவர்கள் பேச்சைத் தள்ளிவிட்டு, விவசாயிக்குக் கூப்பன் கொடுத்து மலிவாக உரமும் விதையும் தந்தது. 2005ல் 12 லட்சம் டன்னாக இருந்த மக்காச்சோளம் 2006ல் 27 லட்சம் டன் என்று அரசுக் கணக்கு. மழையும் நன்றாகப் பெய்தது, அதையும் சொல்ல வேண்டும். 2008ல் உலக உர விலை ஏறியதும் அதே கூப்பன் அரசின் வரவுசெலவையே கடித்துத் தின்ன ஆரம்பித்தது, அதையும் சொல்ல வேண்டும். மானியம் வேண்டும் என்பவர்கள் முதல் பாதியைச் சொல்வார்கள், வேண்டாம் என்பவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்வார்கள். பேங்க் சாரிடம் இரண்டையும் சொன்னேன். "மலாவி எங்கம்மா இருக்கு?" என்றார்.

இப்போது புதுப் பேச்சு, மானியத்தை நேரே விவசாயி கணக்கில் போட்டுவிடலாம், மூட்டையை முழு விலைக்கு விற்கலாம் என்பது. தற்சமயம் எங்கள் கடையில் பிஓஎஸ் மிஷின் இருக்கிறது. விவசாயி விரல் வைத்தால்தான் மூட்டை நகரும், ஆனால் மானியம் போவது கம்பெனிக்கு. மாமா விரலுக்கு அந்த மிஷினோடு ஜென்மப் பகை. ரேகை தேய்ந்துவிட்டது. துணியால் துடைத்து, தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி, நாலு விரலையும் மாற்றி வைத்து, கடைசியில் போனுக்கு ஓடிபி அனுப்பி வாங்குவோம். "வாய்க்கா வெட்டுன வெரலுத் தாயி, வங்கி வெரலு இல்ல" என்பார்.

சரி, கணக்கில் போடுவதாகவே வைத்துக்கொள்வோம். யார் கணக்கில்? மாமாவின் மூன்று ஏக்கரில் ஒன்றுதான் சொந்தம். அதுவும் அவருடைய தாத்தா பெயரில் கூட்டுப் பட்டா, பங்காளிகள் ஏழு பேர். மிச்சம் இரண்டு ஏக்கர் வாய்வார்த்தைக் குத்தகை, நிலத்துக்காரர் சென்னையில். பிரதமரின் கிசான் திட்டத்து 6,000 ரூபாயும் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான், சேற்றில் நிற்கிறவருக்கு இல்லை. ஆறு மூட்டை யூரியாவுக்கு இன்றைக்கு 1,599 ரூபாய் போதும். மூட்டை 2,000 என்று வைத்துக்கொண்டால் 12,000 ரூபாயை முதலில் எடுத்து வைக்க வேண்டும். நடவு முடிந்து தாலியும் கம்மலும் அடகில் இருக்கிற மாசத்தில் எங்கே போவார்? என் நோட்டுக்குத்தான் வருவார். எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

ஜனங்களுக்கு நம்பிக்கையும் இல்லை. கேஸ் சிலிண்டரைப் பார்த்துவிட்டார்கள். 2015 ஜனவரியிலிருந்து முழு விலை கொடுத்து வாங்கு, மானியம் கணக்கில் விழும் என்றார்கள். விழுந்தது. 2020 மே மாதத்துக்குப் பிறகு அது தேய்ந்து, எங்களை மாதிரி சாதாரணக் குடும்பங்களுக்கு நின்றே போனது. யாரும் தண்டோரா போடவில்லை. என் அம்மா ஆறு மாசம் கழித்துப் பாஸ்புக்கைப் பதியக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. மூட்டை விலையை ஏற்றினால் தெரு வரைக்கும் தெரியும். கணக்கில் வருவதைக் குறைத்தால் பாஸ்புக்குக்கு மட்டும்தான் தெரியும். இது வசதி யாருக்கு என்று கேட்டால் பேங்க் சார் பேப்பரைத் திருப்பிக்கொள்வார்.

என்னைக் கேட்டால் (கேட்க மாட்டார்கள்) யூரியாவை ஒவ்வொரு வருஷமும் சித்திரையில் பத்து, இருபது ரூபாய் ஏற்றுங்கள். இன்ன வருஷம் இன்ன விலை என்று ஐந்து வருஷத்துக்கு முன்கூட்டியே பலகையில் எழுதிப் போடுங்கள். அதில் மிச்சமாகிறதைப் பொட்டாஷ் மூட்டையில் இறக்குங்கள். 2022ல் பொட்டாஷ் மூட்டை 1,700 வரை போனது. யூரியாவைப்போல் ஆறு மடங்குக்கு மேல். சர்க்காருக்கு இதில் ஒரு பைசா கூடுதல் செலவில்லை. ஆனால் யூரியா விலையைத் தொட்டவன் தேர்தலில் நிற்க முடியாது என்று அப்பா சொல்கிறார். இருக்கலாம். விலையைத் தொடாமல் 2018ல் மூட்டையை 50 கிலோவிலிருந்து 45 ஆக்கியதற்கு வேண்டுமானால் துணிச்சல் இருந்தது. கிலோ விலை ஏறவில்லை, உண்மைதான். ஆனால் இங்கே மூட்டை எண்ணிப் போடுகிறவர்கள்தான் அதிகம், கிலோ எண்ணுகிறவர்கள் குறைவு. அவர்கள் யூரியாவைக் கொஞ்சம் குறைப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். எங்கள் பக்கம், மூட்டை சிறுத்துப்போச்சு என்று இன்னொன்றைச் சேர்த்து வாங்கினதுதான் நடந்தது.

ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். நடவு நேரத்தில் யூரியா கேட்டால், கூடவே திரவ உரம் பத்து டப்பா எடு, குருணை நாலு பெட்டி எடு என்று ஒரு கம்பெனி கையை முறுக்கும். எடுக்காவிட்டால் லோடு அடுத்த ஊருக்குப் போய்விடும். இப்படிக் கட்டி விற்கக்கூடாது என்று உத்தரவு இருக்கிறது. உத்தரவு ஃபைலில் இருக்கிறது, டப்பா என் அலமாரியில் இருக்கிறது. 266 ரூபாய் 50 காசு என்று மூட்டையில் அச்சடித்த விலை எங்கே போய் எப்படி வசூலாகிறது என்பதற்கு என் அலமாரி சாட்சி.

நேற்றுச் சாயங்காலம் வாய்க்காமேட்டு மாமா வந்தார். மேலுரத்துக்கு யூரியா மூன்று வேண்டுமாம். பழைய நோட்டை மேசை மேல் விரித்து அவர் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை, நான்தான் வாசித்தேன். 2009, 2012, கோடு.

"அந்த வருசம் மேற்குத் துண்டு பூராம் படுத்துருச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

"ரெண்டு யூரியா போதும் மாமா. பொட்டாஷ் கொஞ்சம் சேத்துப் போடுங்க."

"மூட்டை என்ன வெலை?"

சொன்னேன். ஆத்தாடி என்று வாயில் துண்டை வைத்துக்கொண்டார். சில்லறையாகத் தருகிறேன் என்றேன். ஒவ்வொரு உரத்திலும் ஒரு மூட்டையை மட்டும் பிரித்து வைத்துச் சின்ன விவசாயிக்கு நிறுத்துக் கொடுக்கலாம், அதற்கு விதியில் இடம் இருக்கிறது. பிரித்த மூட்டை மூலையில் இருந்தது. மழைக்கு ஈரம் இழுத்துச் செங்கல் தூள் மாதிரி கட்டி தட்டிப்போயிருந்தது. கரண்டியால் குத்தி உடைத்து, தராசில் பழைய சிமெண்டுச் சாக்கை வைத்து அள்ளிப் போட்டேன். மாமா குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டு, ஒன்பது.

"பத்தோட நிப்பாட்டு தாயி. மேற்குத் துண்டுக்கு மட்டும் போட்டுப் பாப்பம்."

சாக்கின் வாயைச் சணலால் கட்டிச் சைக்கிள் கேரியரில் வைத்தேன். விரலெல்லாம் சிவப்பு. அந்தக் கையோடு நோட்டைத் தொடாதே என்று அப்பா நாற்காலியிலிருந்து சத்தம் போட்டார். சேலையில் துடைத்துவிட்டு எழுதினேன்: யூரியா 2, பொட்டாஷ் 10 கிலோ. பற்று.